எட்டு நொடியில் திறந்த மயில் கரை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். கையெழுத்து கோணலாக இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்ற சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை. அட்டையில் ஓட்டை போடுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று இத்தனை வருடம் தப்பித்துவிட்டேன். எங்கள் டிசைன் சென்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று முதலாளி தணிகாசலம் கேட்டதால் எழுதுகிறேன்.

பட்டுச்சேலைக் கரையில் வரும் மயிலையும் கொடியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதோடு இணைந்த பஞ்சிங் மிஷின் அதன்படி அட்டையில் ஓட்டை போடும். அட்டைகளை வரிசையாகத் தைத்துத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை மேலே ஏற வேண்டும் என்று ஓட்டைகள் சொல்லும். மிஷினை ஓட்டுவது நான்.

ஒரு புதன்கிழமை முதலாளியின் மச்சினர் சுந்தர் சார் சென்னையிலிருந்து புது லேப்டாப்போடு வந்தார்.

"மாமா, போன்ல வர்ற மாதிரி சிப்பு இது. பழைய சிப்பு கம்பெனிக்காரங்க எல்லாம் இனிமே கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்."

"போன வருஷமும் ஒரு சிப்புக்கு இதத்தானப்பா சொன்ன?"

"அது வேற மாமா. இது சூடே ஆவாது. ஃபேனே கெடையாது. கைய வெச்சுப் பாருங்க."

முதலாளி கையை வைத்துப் பார்த்தார். ஜரிகையாக இருந்தால் உரசியே பார்த்திருப்பார். சிப்பை எப்படி உரசுவது? அதனால் பந்தயம் வைத்தார். பழைய கம்ப்யூட்டரிலும் புதியதிலும் ஒரே மயில் கரையைத் திறக்க வேண்டும்.

புதியது எட்டே நொடியில் திறந்தது. பழையது டவுன் பஸ் மாதிரி இரைந்தது. நான் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் அதில் மயிலுக்குக் கொண்டைதான் வந்திருந்தது. எல்லோரும் கை தட்டினோம். அன்று மாலையே பழையதை முதலாளி செவிலிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரேவதி அம்மாவுக்கு விற்றுவிட்டார்.

மறுநாள் காலை திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நெசவாளர் குப்புசாமி அட்டை வாங்க வந்தார். அந்த மயில் கரை அவர் மகளின் முகூர்த்தச் சேலைக்கு. லேப்டாப்பை மிஷினில் மாட்டினேன். மிஷின் அசையவில்லை. முதலாளி சுந்தர் சாருக்குப் போன் போட்டார்.

"மிஷினை ஓட்ட டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கு, அது பழைய சிப்புக்கு எழுதினது மாமா. டிசைன் சாஃப்ட்வேரை இது எப்படியோ சமாளிச்சுடும். டிரைவர மிஷின் கம்பெனிக்காரன்தான் புதுசா எழுதித் தரணும்."

"எப்ப தருவான்?"

"சீக்கிரமே தருவாங்க மாமா."

குப்புசாமி கோபப்படவில்லை. "இருவது நாள்தான் மொதலாளி தறி எனக்கு. அப்பறம் கடைக்காரர் சேலைக்குப் பாவு நூலு வந்துடும். இன்னிக்கி அட்டை வரலன்னா பொண்ணுக்குக் கடையிலதான் ஒண்ணு பாக்கணும்" என்றார். தினமும் ஊரார் பெண்களுக்கு நெய்கிறவர் அப்படிச் சொன்னதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், நீ போய் ரேவதி அம்மாவக் கேளு. வித்துட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கேக்கறது?"

பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடப்பவன் நான். லேப்டாப்போடு போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"இன்னிக்கி ஒரு நாளைக்கு மாத்திக்கலாங்கம்மா. இது ரொம்ப வேகமான சிப்பு. பழைய கம்பெனிக்காரங்க எல்லாம் கடைய மூடிடுவாங்களாம்."

"அவங்க கடை கெடக்கட்டும். என் கடையில ஒரு பிரிண்டு எடுத்துக் காட்டு."

அவரே பிரிண்டரை மாட்டினார். அதுவும் பழைய பிரிண்டர். பேப்பர் நகரவே இல்லை.

ரேவதி அம்மா கேட்ட மாதிரி நாங்கள் யாரும் கேட்கவில்லை. மயில் எத்தனை நொடியில் திறக்கிறது என்று பார்த்தோம். ஒரே ஓர் அட்டை அடித்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பந்தயத்தின்போதே தோன்றியது. படித்தவர் எதிரில் வாயைத் திறக்கக் கூச்சம்.

வேறு வழியில்லாமல் குப்புசாமி மகளின் விஷயத்தைச் சொன்னேன்.

"கல்யாணக் காரியத்துக்கா? அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? சிப்பு சிப்புன்னுக்கினு நிக்கற! ரெண்டுலருந்து ஆறு மணி வரைக்கும் கூட்டம் இருக்காது, எடுத்துக்கினு போ. உங்க மயிலு உள்ளதான் கீது, இன்னும் அழிக்கல. அந்தப் புதுச இங்க வெச்சிட்டுப் போ, நான் சீரியல் பாக்கறேன்."

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தரைக்குள் இருநூற்று நாற்பது அட்டையும் முடிந்தது. குப்புசாமி ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது ரேவதி அம்மாவுக்கு லேப்டாப்பை விட மனமில்லை.

"படம் கண்ணாடியாட்டம் கீதுபா. இவ்ளோ நேரம் ஓடியும் சூடே ஆவல. இரு, இந்த எபிசோடு முடியட்டும்."

சில மாதம் கழித்து டிரைவர் வந்தது. இன்றைக்கு அந்த லேப்டாப்தான் என் மிஷினை ஓட்டுகிறது, நன்றாகவே ஓட்டுகிறது. சுந்தர் சார் சிப்பைப் பற்றிச் சொன்னதில் பொய் இல்லை. பார்க்க வேண்டியதை நாங்கள்தான் பார்க்கவில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் நம் வேலையை ஒருமுறை அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். தோன்றியதை அப்போதே கேட்டுவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவனும் கேட்கலாம்.

குப்புசாமி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மயில் கரை கட்டிய பெண் என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்களாண்ணா?" என்றது. தலையை ஆட்டினேன். கரை நன்றாக வந்திருக்கிறதம்மா என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆவணி 12, வியாழக்கிழமை.