இளவரசனின் இடது கன்னம்

இளவரசன் அழுகிறானாம். அஞ்சலகத்தில் யாரோ சொன்னதாக ரொட்டிக்கடை கிஸ்லேன் என்னிடம் சொன்னாள்.

"நகராட்சி மண்டபத்துல தொங்குற படம்தான். இடது கண்ணுக்குக் கீழ வெள்ளையா ஒரு கோடாம். உன் பக்கத்து வீட்டுக்காரிகிட்டயே கேளேன்."

பக்கத்து வீட்டு சொலாஞ்ச் இருபத்தாறு வருடமாக அந்த மண்டபத்தைப் பெருக்கி, துடைத்து, பிறகு அதே அறையில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பவள். மூட்டுவலிக்காரி. வீடு திரும்பியதும் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் மேலே ஏறுவாள். அன்று ஏறவே இல்லை.

"அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உருளைக்கிழங்கு" என்றாள்.

எங்கள் ஊர்ப் பாலத்தில் குதிரையிலிருந்து விழுந்து பத்தொன்பது வயதில் செத்தவன் அந்த இளவரசன். ஊரே காசு போட்டு வரைய வைத்த படம். வரைந்தவர் அவனை உயிரோடு பார்த்ததில்லை. ஜூலையில், அவன் செத்த நாளன்று, படத்துக்குக் கறுப்புத் துணி சாத்துவார்கள். மாதா கோவிலில் பூசை நடக்கும். முந்தின நாள் சொலாஞ்ச் உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கிச் சட்டத்தைத் தேய்ப்பாள். புகை பிடித்த படத்துக்கு இங்கே எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். இந்த வருடம் நகராட்சிச் செயலர், "முகம் மங்கிக் கிடக்கே மதாம்" என்று சொல்லிவிட்டுப் போக, முகத்தையும் தேய்த்துவிட்டாள். கிழங்குச் சாறு காய்ந்து கன்னத்தில் வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது.

"சொல்லிடேன்" என்றேன்.

"இன்னும் பதினாலு மாசம் வேலை பாத்தாத்தான் எனக்கு முழு பென்ஷன். இப்ப சொன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க கிழவிங்க மெழுகுவர்த்தியோட முட்டி போட்டு நிக்குது. அதுங்க முகத்தப் பாத்து உருளைக்கிழங்குன்னு எப்படிடி சொல்றது?"

மேயருக்கு ஒரே பூரிப்பு. ருவான் நகரத்திலிருந்து, பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் அம்மாள் ஒருத்தியை வரவழைத்தார். அவள் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, முகர்ந்து பார்த்து, அந்தப் பஞ்சைச் சோதித்துப் பார்க்க ஒரு சீசாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை செயலர் வந்து சொன்னார்: "இன்னைக்கு முடிவு சொல்றாங்களாம். மதியம் ஆபீஸ் பூட்டியிருக்கும், உங்க மேசை போனுக்குத்தான் கூப்பிடுவாங்க. அவங்க சொல்றத அப்படியே எழுதி என்கிட்ட குடுங்க மதாம்."

மதியம் நான் சூப் எடுத்துக்கொண்டு போனேன். அவள் தொடவில்லை. செயலர் வைத்துவிட்டுப் போன தாளையும் பேனாவையும் நேராக அடுக்கி வைத்திருந்தாள். படத்தின் முன்னால் ஜெபமாலையோடு ஒரு கிழவி மட்டும்.

போன் அடித்தது.

சொலாஞ்ச் வலது காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். இடது கால் வீங்கிப்போய் நுழையவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கிழவி திரும்பினாள். "மதாம், போன் அடிக்குது."

"கேக்குது" என்றாள் சொலாஞ்ச்.

அது அடித்துக்கொண்டே இருந்தது.