எட்டு வரக்கூடாத சர்வர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய வருகைப்பதிவும் டெலிவரி சலானும் ஓடுவது, ஜாவாவில் நாங்கள் எழுதிக் கொடுத்த ஒரு வெப் அப்ளிகேஷனில். நாங்கள் என்றால் மொத்தம் ஏழு பேர், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில்.

அவர்களிடம் சரக்கு எடுக்கும் பெரிய கம்பெனி ஒரு ஆடிட் வைத்தது. சாஃப்ட்வேர் எல்லாம் பழசு, மாற்றினால்தான் அடுத்த ஆர்டர் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது.

எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருக்கிற ஃபிரேம்வொர்க்கைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். அப்ளிகேஷன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. இந்த மாதிரி அப்ளிகேஷனுக்குள் ஒரு சின்ன சர்வர் பொதிந்தே வரும். ஃபிரேம்வொர்க் புதுசானால் தனக்கு ஏற்ற சர்வரை அதுவே கூட்டி வந்துவிடும். இங்கே என்னவோ பழைய ஒன்பதாம் பதிப்பு சர்வர் நகராமல் உட்கார்ந்திருந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் உள்ளே இருக்கிற பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். புதுசு ஒரு பெயரைச் சொல்லித் தேடியது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று பழசு கையை விரித்தது.

இரண்டு நாள் போனது. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வரும்வரை நின்றபடி அந்த எர்ரரையே படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினேன். லேப்டாப்பைக்கூட மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் செட்டிங் ஃபைலின் அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. சர்வர் 9.0.45தான் என்று யாரோ ஆணியடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் குறிப்பு: "தொடாதே. முதலாளிக்குத் தெரியும்."

போல்ட் கம்பெனி முதலாளிக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வரியை அழித்தேன். 10.1.15 தானாக வந்து உட்கார்ந்தது, அப்ளிகேஷன் ஓடியது. திங்கட்கிழமை காலையில் புதுசை ஏற்றிவிட்டேன். பதினோரு மணிக்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

பாரிவாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. ஒரு பாகத்தை விற்று முதல் லேத் வாங்கியவர். கோபமே இல்லாமல், டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுகிற மாதிரி, கம்ப்யூட்டர் திரையின் அடியைக் காட்டினார். அங்கே சர்வரின் பதிப்பு எண் சின்னதாக இருந்தது.

"இன்னாம்மா, எட்டு வந்துகீது," என்றார்.

எட்டு எங்கே என்று கேட்டேன். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று, ஐந்து. எட்டு. முன்பு இருந்ததோ பதினெட்டு, அதாவது ஒன்பது. அது வந்த மாதம்தான் மூன்றாவது ஷெட் போட்டாராம். அந்த எண்ணைத் திரையில் தெரிய வைத்ததும், மாறாமல் ஆணியடிக்கச் சொன்னதும் அவரேதான்.

இந்த எண்களை வைப்பது நாங்கள் இல்லை, எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று விளக்கினேன். அவர்களிடம் பேசி மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியென்றால் எட்டு வராத ஒன்றாகப் பார் என்றார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் என் மேனேஜர் சுலபமாக ஒரு வழி சொன்னார். திரையில் மட்டும் பழைய எண்ணையே போட்டுவிடலாம், உள்ளே எது ஓடினால் அவருக்கென்ன. எனக்கு மனம் ஒப்பவில்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அடுத்து வருகிறவள் அந்தப் பொய்யைத் தேடி இரண்டு நாள் ரயிலில் நிற்பாள், அவ்வளவுதான். பதிப்புப் பட்டியலைத் திறந்தேன். அடுத்தது 10.1.16. விரல் விட்டுக் கூட்டினேன். ஒன்பது. அந்த அறையில் நான்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலாளிக்கு அது போதவில்லை. எண் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அவர் பூந்தமல்லி தாண்டி பாரிவாக்கத்தில் இருந்தார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் டிக்கெட் நம்பரைக் கூட்டிக் கூட்டி வந்த பழக்கமாம். என்னை உட்காரச் சொல்லி, சர்வர் என்றால் என்ன என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நோட்டில் கூட்டிப் பார்த்து, 10.1.16 நல்லது என்றார். பிறகு நோட்டை மூடாமலே கேட்டார்.

"வேற நம்பர் எதுனா கீதாம்மா, இதுல?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இதெல்லாம் ஓடுவது ஜாவா பதினேழாம் பதிப்பில் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் ஏழும் எட்டு.

பதினெட்டு போடலாமே என்றார் முதலாளி. பதினெட்டை இப்போது யாரும் பழுது பார்ப்பதில்லை, ஆடிட்டில் விழுந்துவிடும் என்றேன். பத்தொன்பதும் இருபதும் அதே கதி. இருபத்தொன்று இருக்கிறது என்றேன். மூன்று வருகிறது. மூன்றும் ஒன்பதும் சிநேகம் என்றார் கண்டக்டர். ஃபிரேம்வொர்க்கின் எண்ணை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ராகு காலம் கழித்து புதன்கிழமை மாற்றினேன். இருபத்தொன்றுக்காக அப்ளிகேஷன் துணைக்கு வைத்திருக்கும் நான்கு லைப்ரரிகளையும் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன், யாரும் கேட்கவில்லை.

ஆடிட்டர் மறுபடி வந்தபோது, இந்தப் பதிப்புகளை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவருடைய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து, என்று எழுதினேன். சின்னக் கம்பெனிகள் இவ்வளவு கவனமாகச் செய்வதில்லை என்று பாராட்டி டிக் போட்டார். பக்கத்தில் இருந்த முதலாளி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தலையாட்டினார்.

சர்வரில் ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து 10.1.19 வந்தபோது நானே கண்டக்டருக்குப் போன் செய்தேன். பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, வாய்விட்டுக் கூட்டினார்.

"மூணு வருது. போட்டுக்கோ," என்றார்.

போட்டேன்.