பை காசு, பாக்கெட் காசு

சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டி எண்ணுகிறார். எண்ணிய தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதித் தேதி போட்டு, சீட்டையும் பணத்தையும் ஒன்றாகப் பையில் திணித்துக்கொண்டு செருப்பைத் தேடுகிறார். தெருமுனைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வருவதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆன பின்பும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். தோல்பையில் சேரும் டிக்கெட் பணத்தோடு கலந்துவிடாதபடி, பேருந்தில் ஏறுமுன் பாக்கெட்டிலுள்ள சொந்தப் பணத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வேலையில் சட்டம். வழியில் பரிசோதகர் ஏறி, எழுதியதற்கு மேல் ஒரு காசு கண்டாலும் அது பயணிகளிடம் திருடியதாகக் கணக்கு. முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் மாட்டவில்லை. பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

"இப்ப உங்களுக்கு யாரு செக்கிங் வரப் போறாங்க?" என்பார் மனைவி.

"வருவான். வரமாட்டான்னு நெனைக்கிற அன்னிக்குத்தான் வருவான்."

மருத்துவரைப் பார்க்கப் போனால், வாசலில் நெருக்கியடித்து நிற்பவர்களிடம் "உள்ள நகருங்க, உள்ள எடம் இருக்கு" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஆச்சரியம் என்னவென்றால், எல்லோரும் நகர்கிறார்கள்.

வங்கியில் அவருக்கு இரண்டு கணக்கு. ஒன்றில் ஓய்வூதியம் மட்டும் வரும். வண்டி நிறுத்துமிடத்தில் காலையில் டோக்கன் கொடுத்துச் சம்பாதிப்பது மற்றதில் சேரும். இது ஏன் என்று வங்கிக்காரர்களே பல தடவை கேட்டுவிட்டார்கள். "பை காசு வேற, பாக்கெட் காசு வேற" என்பதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் பெயராது. ஓய்வூதியப் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறிப்பு உண்டு: வாடகை, மாத்திரை, மாத்திரை, கண்ணாடி.

அந்தக் கட்டுப்பாட்டை ஒரே ஒருமுறை குலைத்தவர் அவர் மனைவி. சும்மா கிடந்த தையல் மிஷினை விற்று, வந்த நாலாயிரத்து ஐந்நூறை அவரிடம் சொல்லாமல் ஓய்வூதியக் கணக்கில் போட்டுவிட்டு, சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தார். கண்டக்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ரெண்டும் உங்க பேருதானே? எந்தப் பையில போட்டா என்ன?"

மறுநாள் வங்கி திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். அதே நாலாயிரத்து ஐந்நூறை எடுத்து மற்றக் கணக்கில் கட்டி, இரண்டு ரசீதையும் பாஸ்புக்கின் அந்தப் பக்கத்திலேயே பின் குத்தி வைத்தார். இப்படி ஒரு மனிதரோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய அம்மாளுக்குத்தான் முதலில் பதக்கம் கொடுக்க வேண்டும்.

பரிசோதகர் வராமல் இல்லை. போன மாதம் முதல் தேதி, பணம் எடுக்கப் போனவரிடம் மேலாளர் குரலைத் தாழ்த்தி, "உங்க ரெண்டு கணக்கையும் முடக்கியிருக்கு சார். கோர்ட் ஆர்டர்" என்றார். மனைவியின் தம்பி அச்சகம் வைக்கக் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கண்டக்டர். அச்சகம் மூடிக் கிடந்தது. மச்சினன் ஆளைக் காணோம். கடன் கொடுத்த நிறுவனம் ஜாமீன்காரரின் கணக்கை ஜப்தி செய்ய வந்துவிட்டது.

வீட்டில் மனைவியின் சர்க்கரை மாத்திரை ஒன்பது நாளைக்குத்தான் இருந்தது. வாடகையும் கொடுத்தாகவில்லை. "இனிமே உன் தம்பி மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார் கண்டக்டர்.

நீதிமன்ற வளாகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீலம்மா அவருடைய காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பென்ஷன்ல யாரும் கை வைக்க முடியாதுங்க. ஆனா அந்தக் கணக்குல இருக்கறது பென்ஷன் மட்டும்தான்னு நீங்க காட்டணும். வேற பணம் கலந்திருந்தா கஷ்டம்."

கண்டக்டர் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தார்.

எட்டாம் நாள் விசாரணை. நிறுவனத்தின் வக்கீல் தயாராகத்தான் வந்திருந்தார். வங்கி அறிக்கையில் ஒரு வரியை விரலால் தட்டி, "நாலாயிரத்து ஐந்நூறு, ரொக்கமா கட்டியிருக்காங்க. இது பென்ஷனா? எல்லாம் கலந்து கெடக்கு. எது எதுன்னு யாரு பிரிக்கிறது?" என்றார்.

பின்வரிசையில் இருந்த மனைவிக்கு உயிரே போய்விட்டது. தன் கையால் போட்ட பணம் அது.

"நான் பிரிச்சு வச்சிருக்கேங்கம்மா" என்று கண்டக்டர் பாஸ்புக்கை நீட்டினார்.

பின் குத்தியிருந்த ரசீதுகளை நீதிபதியம்மா பார்த்தார். மறுநாள் தேதி, அதே தொகை. முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ஏழு வருடத்துப் பென்சில் குறிப்பில் ஒரு மாதம் விடுபடவில்லை. கடைசியில் பாஸ்புக்கை நிறுவனத்து வக்கீலிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க. கலந்த ஒரு காசைக் காட்டுங்க" என்றார். வக்கீல் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

ஓய்வூதியக் கணக்கு அன்றைக்கே விடுவிக்கப்பட்டது. டோக்கன் பணம் கடனுக்குப் போனது. "அது போகட்டும். கையெழுத்து என்னுதுதானே" என்றார் கண்டக்டர், ஏதோ பரிசு கொடுப்பவரைப் போல. உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வங்கிக்குள் நுழைந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மேலாளரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்டக்டர் மாத்திரை, வாடகை என்று சொல்லிச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். மனைவி பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வெளியே நிறுத்தத்தில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்தே நீதிமன்ற வராந்தாவில் தூண் மறைவில் நின்றவன், வங்கி வரை பின்னாலேயே வந்திருக்கிறான். மழிக்காத முகம், கசங்கிய சட்டை. அக்கா பார்த்தார், கணவர் பக்கம் திரும்பப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் எதிர்க்கட்டடத்தில் ஜன்னல்களை எண்ணுகிறவர்போல நின்றார்.

பேருந்து வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக ஏறிய மச்சினன் உள்ளே வரத் துணியாமல் பின்படியிலேயே கம்பியைப் பிடித்து நின்றான்.

இளவட்டக் கண்டக்டர் வந்து, "ரெண்டு பேருங்களா?" என்றான்.

நம் கண்டக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத் தோளுக்கு மேலாகப் பின்படியை நோக்கிக் காட்டிவிட்டு, மூன்று விரலை நீட்டினார்.