புகைக்குழாயில் கட்டிய மாவுச் சல்லடை

அப்பாவின் பழைய லாரி வாசலில் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, அடுப்படியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும்; எனக்குப் பத்து வயதான அந்தத் தீபாவளி சீசனில் மட்டும் அந்தச் சத்தம் ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு, குளிர்காய்ச்சல்காரனின் பல்லைப் போல அடித்துக்கொண்டது. ஏற்றத்தில் மிதித்தால் வண்டி திணறிவிட்டுத்தான் நகரும். "மக்கர் பண்ணுது" என்பார் அப்பா. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவர் லோடு அடித்தார். அதே கம்பெனியில்தான் அம்மா வெடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தாள்.

அப்பா டீசல் வடிகட்டியை மாற்றினார், குழாயில் அடைத்த காற்றை எடுத்தார், டேங்கைக் கழுவினார்; எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் வந்த மெக்கானிக் மாமா, புகைக்குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுதுல்ல இதுக்கு" என்று குனிந்தார். கம்பெனிக்குள் வரும் லாரிகளுக்கெல்லாம் பொறி பறக்காமலிருக்க அங்கே ஒரு கம்பி வலை கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த வலைக்கு மேலே, அம்மா மாதக்கணக்காய்த் தேடிய மாவுச் சல்லடையின் வலையும் கட்டியிருந்தது, கரி அடைத்துப்போய். பக்கத்துக் கம்பெனியில் தீப்பிடித்த மறுநாள் அப்பாதான் பயத்தில் கட்டியிருக்கிறார். "லாரியில புட்டா அவிக்கப் போறீக?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

சல்லடையை எடுத்ததும் எஞ்சின் சீராக ஓடியது. மாமா ஒருமுறை நன்றாக முடுக்கினார். மிச்சமிருந்த ஒற்றை வலையைத் தாண்டி, சிவந்த கரித்துணுக்குகள் மண்ணில் விழுந்தன. அப்பா செருப்புக்காலால் ஒவ்வொன்றாய் மிதித்து அணைத்தார்.

"இம்புட்டுப் பொறி வருதுன்னா எஞ்சினைப் பிரிச்சுப் பாக்கணும், நாலு நாளாகும்" என்றார் மாமா.

"ஆகட்டும். இந்த வண்டி இனி இப்படியே உள்ள போகாது" என்ற அப்பா, அம்மாவிடம் திரும்பி, "நீயும் நாலு நாள் வீட்ல இரு" என்றார்.

"சீசன்ல நின்னா பெறகு ஆரு கூப்பிடுவா? நீங்க போகலைன்னா வேற வண்டி வரும். அதுல வலை இருக்கான்னு ஆரு பாக்கப்போறா?" என்று அம்மா தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வேறு வண்டி வந்தது. மதியம் எங்கள் பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. வலை இருந்ததா என்று பார்க்க அந்த வண்டி மிஞ்சவில்லை, அம்மாவும் மிஞ்சவில்லை.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அப்பாவின் லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. தீ எதனால் வந்தது என்று இன்றுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பா மட்டும், நான் சோறு போடும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வலையோட திணறித் திணறி நானே போயிருக்கணும் தாயி" என்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.