மருமகன் தேடிய ஐரிஷ் மெட்டு

இன்று காலை ஒனிஹங்கா என்ற இடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் மருமகனோடு இசைத்தட்டுகளைக் கிளறினேன்.

அவர் ஐரிஷ்காரரின் கிளப்பில் வயலின் வாசிக்கிறவர். ஜிக் என்ற துள்ளல் ஆட்டத்துக்கான ஒரு மெட்டின் கடைசி வரியைப் பிழையாக வாசிக்கிறார் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அவர் பழகியது ஒரு கசட்டைக் கேட்டு. அச்சுப் புத்தகங்களில் அந்த வரி வேறு மாதிரி. கசட்டுக்கு முந்தின தட்டு ஒன்றிலும் அவர் வாசிப்பதுபோலவே இருந்தால் மானம் தப்பும்.

மெட்டின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை.

"தம்பி, பேரை விடுங்கோ. போட்டுக் கேப்பம்," என்றேன். எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது, அதனால் வந்த யோசனை.

கடைக்காரி ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒரு கீறல் விழுந்த தட்டில், வேறு பெயரில், அதே மெட்டு. கடைசி வரி புத்தகத்தில் உள்ளபடியே வந்தது.

"அப்ப பிழை உங்களிலதான்," என்றேன்.

"ஓம் மாமா. கசட்டில வாசிச்சவர் மாத்தியிருக்கிறார். பின்னேரம் கிளப்பில என்ர பிழைதான் எண்டு சொல்லிப்போட்டு, இதையும் போட்டுக் காட்டுவம்."

தட்டை வாங்கி, சட்டைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். தன் பிழைக்குத் தானே சாட்சி தேடிப் பிடித்த மனிதரை இன்றுதான் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா? எங்கள் வீட்டில் இவர் ஒருவர்தான். என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.