முன்னூறு வெள்ளிக்கு வாங்கிய அக்கா

முன்னூறு வெள்ளி கொடுத்து நான் அக்கா ஆனேன். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. மீசை இருந்தது. மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்குக்குக் காகிதம் முடிக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் மூத்த குமாஸ்தா, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த முன்னூறு வெள்ளி தீபாவளிக்குச் சன்னல் திரை வாங்க ஒதுக்கி வைத்தது. பழைய திரையையே துவைத்து மாட்டினோம். நல்ல துணி, இன்னும் நாலு வருடம் வரும் என்று மனைவியிடம் சொன்னேன். நாலு வருடமும் வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தத் திரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கிள்ளானில் புடவைக் கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் சைபர் கபே திறந்திருந்தார்கள். கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் அரைக்கும்போது மாடியில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் தும்முவோம். இன்டர்நெட் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு மல்லியும் வறுத்த சீரகமும்தான் மணக்கும்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். ஒரு மணிக்கு மேல் ஒரு கப்பல் வருகிறது, காகிதம் முடிக்கணும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வாராவாரம் சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு கப்பல் வந்தது. ஐந்து மணிக்குப் போனது. உலகக் கப்பல் போக்குவரத்தில் அவ்வளவு ஒழுங்கான கப்பலை நான் கண்டதில்லை.

அந்தக் கப்பல் ஒரு விளையாட்டு. எங்கெங்கோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் ஒரே காட்டுக்குள் திரிவோம். ஆளுக்கொரு பாத்திரம். சண்டை போடப் போட அதற்குப் பலம் கூடும். நான் வாள்வீரன். ஆறு மாதம் ஆடியும் காட்டுப்பன்றியைத் தாண்டவில்லை. மற்றவர்களைக் கண்டால் பன்றி பாய்ந்து வரும். என்னைக் கண்டால் நடந்தே வரும், ஓடி வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அந்தக் காட்டில் ஆற்றங்கரையோரம் மூன்று பேர் எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒருவன் கேடயக்காரன், சுங்கை வேயில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இன்னொருத்தி வில்லாளி, ஜெஞ்சாரோமில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மூன்றாவது ஒரு வைத்தியச்சி. வெள்ளை அங்கி, கையில் தடி. அடிபட்டவர்களுக்கு உயிர் கொடுப்பது அவள் வேலை. மற்ற இருவரும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று பன்றியிடம் அடி வாங்கிக்கொண்டே அவர்கள் பேச்சைப் படிப்பேன். அப்படியொரு கூட்டத்தில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று ஆசை. வா என்று யாரும் கூப்பிடவில்லை. நான் இருந்த லட்சணத்தில் நானே என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு டீச்சர் வேலைக்குப் போகிறேன், இனி ஆட முடியாது என்று அக்கா அவர்களிடம் சொல்வதைப் படித்தேன். அன்றே தனியாக அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: உங்கள் பாத்திரத்தை எனக்கு விற்பீர்களா? முடியாது என்றாள். இருநூறு என்றேன். அதற்கும் முடியாது என்றாள். முன்னூறு என்றேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரச் சொன்னாள்.

கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் போய் இறங்கி, பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வழியாக நடந்து, தோசைக் கடைக்குள் நுழைந்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்களா?"

"நான்தான்."

"காலேஜ் ஸ்டூடன்ட்டா இருப்பீங்கனு நெனச்சேன்."

"நானும் நீங்க கொஞ்சம் பெரியவங்களா இருப்பீங்கனு நெனச்சேன்."

அந்த 'அங்கிள்' என்ற ஒரு சொல்லுக்காகவே நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கடை பில்லின் பின்பக்கம் ரகசியச் சொல்லை எழுதிக் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன் அங்கிள். சண்டையில வைத்தியம் பாக்கிறவங்க கடைசியாத்தான் ஓடணும். முதல்ல ஓடினா மத்தவங்க செத்துருவாங்க."

"ஓட மாட்டேன்மா. அவங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன சொல்லணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அத நான் பாத்துக்கிறேன்."

ரகசியம் அவளோடு சபாவுக்குப் போய்விடும் என்று எடுத்துக்கொண்டேன். தோசைக்கும் நான்தான் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளை அங்கியோடு ஆற்றங்கரையில் நின்றேன். "அக்கா, சாப்டீங்களா?" என்று வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது. மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும், எங்கள் ஆபீசில் பதினோரு வருடத்தில் ஒருவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. "சாப்ட்டேன்பா, நீ?" என்று தட்டினேன். அக்கா ஆவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் ஒரு குகைக்குள் போனோம். ராட்சசன் ஒருவன் எழுந்தான். நான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, ஆறு மாதப் பன்றிப் பழக்கம். அவர்கள் இருவரும் செத்துப் பிழைத்து வந்தார்கள். "நெட்டு ஸ்லோ" என்று சொல்லிவைத்தேன். "பரவால்ல அக்கா" என்றார்கள். எவ்வளவு வெள்ளந்தியான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் நாலு மாதம் நான் முழு அக்காவாக இருந்தேன். தாமதமாக வந்தால், "தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு இருந்தேன்" என்பேன். வில்லாளி தன் கிளினிக்குக்கு வரும் சீக்காளிகளைப் பற்றிச் சொல்வாள். கேடயக்காரன் ஃபேக்டரி கேன்டீன் மீ கோரெங் நூடுல்ஸைத் திட்டுவான். சண்டை போட்ட நேரத்தைவிட ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசிய நேரம்தான் அதிகம். அந்த ஆற்றில் தண்ணீர் ஓடவே ஓடாது, நீலமாக ஒரு பட்டை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே நல்ல ஆறுகளைப் பார்த்திருக்கிறேன். எதன் கரையிலும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அவர்கள் குழுவுக்கென்று ஒரு தகவல் பலகை இருந்தது. நிஜ அக்கா அதில் முன்பு எழுதியவற்றை, வேஷத்துக்கு உதவும் என்று உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் ஒரே விஷயம்: விளையாட்டுப் பொருளை நிஜக் காசுக்கு விற்கவே கூடாது. 'வெளியே யாரிடம் காசு இருக்கோ அவன் பெரிய ஆள். உள்ளே அப்படி இல்லை என்பதால்தானே இங்கே வருகிறோம்?' என்று எழுதியிருந்தாள். எனக்குத் திக்கென்றது. அதை எழுதிய கைக்குத்தான் நான் ஆறு ஐம்பது வெள்ளித் தாளைக் கொடுத்திருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை கேடயக்காரன் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன்.

"ஓ.டி. எல்லாம் வெட்டிட்டாங்க அக்கா. எங்க லைன மூடப்போறாங்கனு பேச்சு. லோரி லைசன் எடுக்கலாம்னு பாக்கிறேன். கட்டணும்னா எண்ணூறு வெள்ளி. பினாங்குல ஒருத்தர் கேடயத்துக்குத் தொள்ளாயிரம் தர்றாராம். வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

அந்தக் கேடயம் சாதாரணக் கேடயம் இல்லை. ஏரியில் இருந்த ஒரு பூதாகரமான ஆமையை அவர்கள் மூவரும் ஐந்து மாதம் போராடிக் கொன்று எடுத்தது. எங்கள் காட்டில் அப்படி இன்னொன்று கிடையாது.

"மூணு பேரும் சேர்ந்து எடுத்தது, நான் மட்டும் எப்படி விக்கிறது? அக்கா சரின்னா விக்கிறேன். வேணாம்னா வேணாம் லா."

வேலையே போகப்போகிறது ஒருவனுக்கு. நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? கேடயம் போனால் அடுத்த குகையில் என்னை யார் மறைப்பார்கள் என்று. இரண்டாவது, நிஜ அக்கா இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருந்தது வசதியாகப் போயிற்று. பிரசங்கம் செய்தேன். நூலகத்தில் எடுத்துப் படித்த பொருளாதாரப் புத்தகங்களெல்லாம் அன்றுதான் பயன்பட்டன. காசு உள்ளே வந்தால் நட்பு வியாபாரமாகும் என்றேன். வியர்வையில் வந்ததை விலைக்கு விட்டால் அதன் பெருமை போகும் என்றேன். விலைக்கு வாங்குகிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான், யோசித்துப் பார் என்றேன். முப்பத்திரண்டு வரி. நடுவில் இரண்டு முறை தும்மினேன்.

பதிலாக ஒரே வரி வந்தது. "சரி அக்கா."

வில்லாளி எழுந்து அம்பு பொறுக்கப் போனாள்.

அந்த வாரம் ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் கவுன்டருக்கு நாள் முழுக்க லோரி டிரைவர்கள் வருவார்கள். கேட் பாஸை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதுவரை கைகளை மட்டும் பார்த்துக் காகிதம் கொடுத்தவன், அந்த வாரம் முகங்களைப் பார்த்தேன். எங்கள் முதலாளி தன் காருக்கு ஒற்றை இலக்க நம்பர் வேண்டுமென்று கொடுத்த காசில் முப்பது பேர் லோரி லைசன் எடுத்திருக்கலாம். அது வெறும் நம்பர். காரை அது ஓட்டாது. அதை விற்கலாம், வாங்கலாம், அரசாங்கமே ரசீது தரும். ஐந்து மாதச் சனிக்கிழமைகளைப் போட்டு ஒருவன் எடுத்த கேடயத்தை விற்கக் கூடாது என்று சொல்ல, மீசை வைத்த நான் யார், அதுவும் அக்காவாக?

அதேசமயம், அந்தப் பெண் எழுதியதும் பொய் இல்லை. காசோடு உள்ளே வந்தவன் என்ன செய்வான் என்பதற்கு நானே சாட்சி. ராட்சசனைக் கண்டால் முதலில் ஓடுவான். தன்னை மறைக்கும் கேடயம் போய்விடும் என்று அடுத்தவன் பிழைப்பில் தர்மம் பேசுவான். விற்கிறவனைத் தடுக்கக் கூடாது, வாங்குகிறவனைத்தான் தடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். ஒன்று இல்லாமல் மற்றது எப்படி என்பது வியாழக்கிழமைதான் உறைத்தது. இன்றுவரை அங்கேயே நிற்கிறேன்.

சனிக்கிழமை, மணி நாலே முக்கால். இருவரும் ஆற்றங்கரையில் இருந்தார்கள். தட்டினேன்.

"நான் அக்கா இல்ல. அக்காகிட்ட இருந்து முன்னூறு வெள்ளிக்கு வாங்கினவன். ஆம்பள. கல்யாணம் ஆனவன். கிள்ளான் போர்ட்டுல குமாஸ்தா." ஆபீஸ் இருக்கும் இடத்தையும் சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது. "போன வாரம் நான் பேசினதெல்லாம் குப்பை. நீ..."

"பாஸ், மாசா சுடா ஹாபிஸ்," என்றார் கபே முதலாளி, நேரம் முடிந்ததென்று. திரை இருண்டது. சட்டைப்பையில் சில்லறை தேடி, இன்னும் அரை மணி வாங்கி, மறுபடி உள்ளே போய், மீதி வார்த்தையைத் தட்டும்போது மணி நாலு ஐம்பத்தாறு. "...கேடயத்த வித்துடு தம்பி. உடனே."

முதலில் வில்லாளி, "ஓ," என்றாள்.

கேடயக்காரன், "அப்படியா," என்றான். பிறகு, "அப்ப வித்துக்கவா?"

"வித்துக்க."

"சரி அக்கா."

பழக்கம், விடாது என்று நினைத்தேன். அந்தக் கடைசி அக்காவை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேடயம் பினாங்குக்குப் போனது. அவன் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான். அடுத்த குகையில் நான் ஏழு தடவை செத்தேன், ஓடாமல். கொஞ்ச நாளில், காசுக்கு விற்றாலும் வாங்கினாலும் பாத்திரம் பறிபோகும் என்று விளையாட்டை நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை. பறிக்கும் அளவுக்கு என்னிடம் பலம் இருந்ததாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். வில்லாளிக்குக் கல்யாணம் ஆயிற்று. மசாலா மில்காரர் மாடியையும் எடுத்துக்கொண்டார். இரண்டு மணிக் கப்பல் அதோடு நின்றது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், கவுன்டரில் யாரோ சத்தமாகக் கேட்டார்கள்.

"இங்க அக்கா இருக்காங்களா?"

எங்கள் ஆபீசில் அப்போது பெண்களே இல்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். அன்றிலிருந்து அந்த ஆபீசை விட்டு வரும் நாள்வரை எனக்கு அதுதான் பெயர்.

ஒல்லியாக, தொப்பி போட்ட ஒருத்தன். வெளியே பத்துச் சக்கர லோரி. டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். தே தாரேக்கை ஊதி ஊதிக் குடித்தான். ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"அட விடுங்கண்ணே. எங்களுக்கு முதல்லயே தெரியும் லா. போறப்ப அக்காவே சொல்லிட்டாங்க, ஒரு அங்கிள் வாங்கியிருக்காரு, பாவம், பாத்துக்குங்கனு."

"அப்போ நாலு மாசம் அக்கா அக்கானு கூப்பிட்டது?"

"தலைக்கு எண்ணெய் வச்சேன்னெல்லாம் சொன்னீங்க. இவ்ளோ ஆசையா செய்றாரு, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

நான் டீயைக் கிண்டினேன். "சரி, தெரிஞ்சுக்கிட்டே கேடயத்துக்கு என்கிட்ட எதுக்குப்பா அனுமதி கேட்ட?"

"அனுமதியா?" என்றான் அவன். "பினாங்குக்காரர விட்டா, காசு குடுத்து வாங்குற ஆளுனு எங்களுக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். ஆயிரத்துக்கு நீங்களே எடுத்துக்குவீங்கனு பாத்தேன். நீங்க என்னன்னா, ஏதேதோ அட்வைஸ் பண்ணிட்டீங்க."