அம்மா பாடாத சாவு

எழுபதுகளின் கடைசியில், ஒரு விஜயதசமி காலையில் நான் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனில் ஒரு கடையின் மாடி. டீச்சர் வாராவாரம் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வருவார். முப்பது வயதுகூட இருக்காது. பிள்ளைகள் எல்லாரும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியின் மகளும் இருந்தாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்திதான்.

"ஒனக்குத் தெரிஞ்ச பாட்டு எதாச்சும் பாடு" என்றார் டீச்சர். எனக்கு நன்றாகத் தெரிந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். நான் பாடியது ஒப்பாரி. நல்ல நாளும் அதுவுமாக, சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன யாரோ ஒரு மாமனை எழுந்து வரச்சொல்லி இழுத்திருக்கிறேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மறுபடி சூடம் ஏற்றினார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றே எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: பொணப்பாட்டு. பென்சில் இரவல் கேட்கும்போதுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

நான் என்ன செய்ய? எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அம்மாதான் இருந்தாள். பகலில் கொழுந்து எடுப்பாள். சுற்று வட்டாரத்தில் எந்த எஸ்டேட்டில் சாவு விழுந்தாலும் லோரி அனுப்பி அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். செத்தவனின் குணம், குடி, கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்ட சாப்பாடு, எல்லாவற்றையும் அங்கேயே பாட்டாகக் கட்டுவாள். கல் மாதிரி நிற்கும் ஆம்பிளைகளும் உடைந்துபோவார்கள். நான் கேட்டு வளர்ந்த கச்சேரி அதுதான்.

டீச்சர் என்னைச் செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தாளம் தப்பினால் எனக்கு விரல் கணுவில் குச்சியடி. மற்றவர்களுக்கு "கவனிம்மா" என்பதோடு சரி. ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டால், அந்தக் குரலுக்காக இன்னும் நாலு அடி வாங்கலாம் என்று இருக்கும். மழையில் நனைந்துகொண்டு மலைப்பாதையில் நடந்துவந்த களைப்பெல்லாம் போய்விடும். இன்றைக்கும் மேடையில் நான் மூச்சு எடுப்பது அவர் எடுக்கச் சொன்ன இடத்தில்தான். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு நன்றாகப் பாடத் தெரிந்தவளுக்குக் கொஞ்சம் மனுஷத்தனமும் தெரிந்திருக்கக் கூடாதா?

சில வருஷம் கழித்து முகாரியில் ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார். முகாரி சோகத்துக்கென்றே இருக்கிற ராகம். மற்றவர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பாடினார்கள். என் முறை வந்தபோது, மேலே போய் இறங்கும் ஒரு இடத்தில் என் தொண்டை தானாக அம்மாவின் இழுப்பை இழுத்துவிட்டது. டீச்சர் தாளத்தை நிறுத்தினார். அடி விழும் என்று விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"இந்த வருஷம் நம்ம வகுப்பு ஆண்டு விழாவுல இத நீதான் பாடுற" என்றார்.

அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அடுத்த வாரமே அம்மாவை வரச்சொன்னார். அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

"தாய் சாவு வீட்டுல மாரடிச்சிக்கிட்டு, மக சபையில பாடுறதுன்னா நாலு பேரு என்னா சொல்வாங்க? இனிமே நீங்க எங்கயும் பாடக்கூடாது. பாடுனீங்கன்னு என் காதுல விழுந்தா இவ மேடை ஏற முடியாது."

"சரிங்க டீச்சர். இனி வாயே தொறக்க மாட்டேன். பிள்ளைய மட்டும் பாட விடுங்க."

ஆக, முகாரியில் அழலாம், ஒப்பாரியில் அழக்கூடாது.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெக்டரி லோரி ஒரு வளைவில் கவிழ்ந்து அப்பா செத்துப்போனார். நடுவீட்டில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடியவள் சொந்தப் புருஷனுக்கு எப்படிப் பாடப்போகிறாள் என்று கேட்கவே பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வாசலில் கிராணியின் மனைவி குடையோடு நின்றிருந்தார். இங்கே ஒரு வரி கேட்டால் மகள் மூலம் டீச்சரிடம் போய்விடும்.

"ஏன்லா, ஒரு வரிகூடவா வரல?" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கட்டுனவனுக்கு அழாத வாயி என்னா வாயி!" என்றாள் இன்னொருத்தி.

ஒரு பாட்டும் இல்லாமல் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு வேறு ஆள் இருக்கிறது என்ற பேச்சு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டது. அப்படிப் பேசியவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை, பேரன் பேத்தி எடுத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எஸ்டேட்டில் துக்கத்துக்குச் சில நாள் லீவு. அதற்குப் பிறகு காலையில் பேர் கூப்பிடும்போது வரிசையில் நிற்க வேண்டும். கோயிலுக்குள்தான் போகக் கூடாது. வேலைக்குப் போகலாம், பள்ளிக்கூடம் போகலாம். பாட்டு வகுப்பும் ஒரு பள்ளிக்கூடம்தானே என்று அந்த வாரம் அம்மாவே எனக்குத் தலை வாரி அனுப்பினாள்.

"நல்லா பாடு. அப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு."

டீச்சர் மாடிப்படியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "தீட்டோட வந்து நிக்கிறியே, அறிவில்ல? பதினாறாம் நாள் காரியம் முடியாம மேடையாவது, பாட்டாவது."

உள்ளே கிராணியின் மகள் என் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் தலையை மட்டும் திருப்பி, "அந்த எடத்துல நல்லா இழு. இவ இழுப்பால்ல, அந்த மாதிரி" என்றார்.

"எங்கம்மா பாடவே இல்ல, டீச்சர். அப்பாவுக்குக்கூட பாடல."

"அதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்த "அதுக்கு"வுக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். அம்மா அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தீட்டாம், மேடை ஏறக்கூடாதாம், கிராணி மகள்தான் பாடப்போகிறாளாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்பிடின்னா, அன்னிக்கு நா அழுதிருக்கலாம்லடி?" என்று கேட்டாள்.

அப்பாவை மண்ணில் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.